ஏசுஅடிமையின் பட்டுச் சட்டை

1932 செப்டம்பர் 11

தங்கை ஞானபாயைக் கட்டிய ஏசுஅடிமை கொழும்பிலிருந்து திரும்பிவிட்டான். கொண்டுவந்தது ஒரு சட்டை. கை கிடையாது, மெத்தைபோல் தடிமன். உள்ளே பட்டுத் துணியை மடிப்பு மடிப்பாக அடுக்கித் தைத்திருக்கிறது. துப்பாக்கிக் குண்டை நிறுத்துமாம்.

"தோட்டத்துத் துரைமாரு நான் நீன்னு வாங்குவாவ, மச்சான்" என்றான். வாங்குவார்கள், கால் துடைக்க.

செப்டம்பர் 14

அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டு முடித்ததும், வேதக்கோயில் முற்றத்தில் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பானாம். சபையில் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். நான் இவன் நெஞ்சில் சுட வேண்டும். மண்டைக்குள் என்னதான் வைத்திருக்கிறான்?

"ஏட்டி, நீயாவது சொல்லு" என்றேன் ஞானபாயிடம்.

"நான் சொன்னா கேக்கவா போறாரு?"

செப்டம்பர் 15

தூக்கம் வரவில்லை. மடையன்.

செப்டம்பர் 17

இவன் வாயை அடைக்க வேண்டுமென்றே சட்டையை வாழைத்தடியில் கட்டிச் சுட்டேன். குண்டு நின்றுவிட்டது.

பிரித்துப் பார்த்தோம். மேலே நாலைந்து மடிப்பு கிழிந்திருந்தது. அதற்கடியில் ஈயம் வடைபோல் தட்டையாகி இழைகளில் சிக்கிக் கிடந்தது. ஓர் இழை குண்டைப் பிடிக்க, பக்கத்து இழைகளும் சேர்ந்து இழுத்து வேகத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன என்றான். எவனோ சொன்னதை ஒப்பிக்கிறான். வாழைத்தடியில் துளை இல்லை, ஆனால் குழிந்து நீர் கசிந்தது. விலா எலும்பு என்ன ஆகும் என்று கேட்டேன். சிரிக்கிறான். கிழிசலைத் தைக்க ஞானபாயிடம் கொடுத்திருக்கிறான்.

அக்டோபர் 2

பண்டிகை. வீட்டுக்கு வீடு காணிக்கை — பூசணி, நேந்திரக்குலை, சேவல். ஞானபாய் பட்டு மேசைவிரிப்பு கொண்டுவந்தாள். பெண்கள் பக்கம் வாயைப் பிளந்தது. தங்கையின் பொருள் மலிவாகப் போகக் கூடாதென்று நானே ஏலத்தில் எடுத்தேன்.

பிறகு அவன் வந்து நெஞ்சை நிமிர்த்தி நின்றான். "கழத்தும் ஓய். மொதல்ல வாழை நிக்கட்டு. உம்ம வீரத்தப் பொறவு பாப்போம்" என்றேன். முறைத்துக்கொண்டே கழற்றி வாழைத்தடியில் கட்டினான். சுட்டேன்.

சட்டையையும் துளைத்து, வாழையையும் துளைத்து, குண்டு மதிலில் போய்ப் பட்டது. சபையே சிரித்தது. ஞானபாய் மட்டும் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றே, மாலை

"கொழும்புல இருந்து வந்திருக்காருன்னு ஊரே பாக்குது. வெறுங்கையோட கோயிலுக்குப் போக முடியுமா அண்ணே? அன்னைக்கு மேல நாலஞ்சு மடிப்புதானே கிழிஞ்சுது. அடியில கெடக்கது சும்மான்னு நெனச்சேன். அத உருவி விரிப்பு தச்சிட்டு, பழைய சேலையத் திணிச்சேன்."

நெனச்சாளாம்! அடியில் கிடந்ததுதானே அவ்வளவையும் தாங்கியது. அவன் செத்திருப்பானேட்டி, என் கையால செத்திருப்பானே!

அக்டோபர் 3

அவனிடம் சொல்லிவிட்டாள். அடிப்பானோ என்று நானும் கூடப் போனேன். அவன் துள்ளி எழுந்தான்.

"அப்ப சட்ட தோக்கல்ல! மச்சான், அந்த விரிப்பத் தாரும், திரும்ப வச்சுத் தைப்போம். வாற ஞாயிறு நானே நிக்கேன்."

நேற்றுக் குழிக்குள் போயிருக்க வேண்டியவன் பேசுகிற பேச்சு. ஞானபாய் அழுதுகொண்டே அவனுக்குச் சோறு போட்டாள். நல்ல பொருத்தம்.

அக்டோபர் 6

தக்கலைப் போலீஸ் கச்சேரியில் துப்பாக்கியை ஒப்படைத்து, லைசென்ஸ் இனி வேண்டாமென்று எழுதிக் கொடுத்தேன்.

அக்டோபர் 9

ஞாயிறு. கோயில் வாசலில் ஏசுஅடிமை என்னைக் கண்டதும் காறித் துப்பிவிட்டுப் போனான். நன்றாகத்தான் இருக்கிறான்.