இடது தோளுக்கு வளைத்த கட்டை

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் இருமலும் தேவலையா?

தாத்தாவின் இரட்டைக்குழல் துப்பாக்கி எங்கிருந்து வந்தது என்று விசாரிக்கச் சொல்லிப் படங்கள் அனுப்பினீர்களே, அவற்றை என் போனில் பார்த்த எங்கள் தையல் ஆலை சூப்பர்வைசருக்கு முகம் வெளிறிவிட்டது. விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டு, துப்பாக்கி பழுதுபார்க்கும் தன் மாமனாரிடம் அவரே அழைத்துப் போனார்.

தாத்தாவுக்கு ஜமீன்தார் கொடுத்த பரிசு என்ற நம் வீட்டுக் கதை புஸ்வாணமாகிவிட்டது அப்பா. கடையில் விற்ற சாதாரணச் சரக்குதானாம். ஆனால் தோளில் பதிக்கும் மரக்கட்டையை மட்டும் பெரியவர் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"வாங்கினப்புறம் யாரோ இதைச் சூடுகாட்டி இடப்பக்கம் வளைச்சிருக்காங்க. நீளத்தையும் குறைச்சிருக்காங்க. இடதுகைப் பழக்கம் உள்ள சின்னப் பிள்ளைக்காகத்தான். உங்க வீட்ல யாரும்மா அப்படி?" என்றார்.

வாத்தியார் அடித்து மாற்றும்வரை உங்களுக்கு எல்லாமே இடதுகைதான் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். "அந்த மனுஷன் அதை என்னைத் தொடக்கூட விடல" என்று தாத்தாவைப் பற்றி நீங்கள் இன்றும் குறைப்படுகிறீர்கள். செய்து வைத்தவர் ஏன் கொடுக்காமலே போனாரோ!

உங்கள் பழைய முழுக்கைச் சட்டை ஒன்று அனுப்புங்கள், இங்கே குளிர். துவைக்காவிட்டாலும் பரவாயில்லை.

ஷிப்ட் மணி அடித்துவிட்டது. தாத்தாவின் லைசென்ஸ் முடிந்துவிட்டதால் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கப் போகிறீர்களே, அதற்கு முன், தோட்டா இல்லாமல் ஒருமுறை அதை இடது தோளில் வைத்துப் பாருங்கள். பொருந்தாது. நீங்கள் வளர்ந்துவிட்டீர்கள்.

உங்கள் கடைக்குட்டி