சித்தி கணக்கில் வைத்த நேரம்

அன்புள்ள சித்தி,

நேற்று டியூஷன் முடிந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். பழைய ஜெராக்ஸ் கடை இருந்த இடத்தில் நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டிவிடும் கடை ஒன்றைத் திறந்திருக்கிறார்கள். நான் கடக்கும் நேரத்தில் கண்ணாடிக் கதவு திறந்தது. முதலில் ஷாம்பு வாசனை வந்தது. அதன் பின்னால் வெள்ளைவெளேரென்று ஒரு குட்டி நாய், கழுத்தில் நீல ரிப்பனோடு, தான் யாரென்று தனக்கே தெரியாத முகத்தோடு வெளியே வந்தது. நான் அப்படியே நின்றுவிட்டேன். அந்த வாசனையை நீ ஒருநாளும் முகர்ந்ததில்லை. நீ நேரம் குறித்துக் கொடுத்த நாய்கள் எல்லாம் கடலுக்கு அப்பால் இருந்தன. இருந்தாலும் அது உன் வாசனை என்று எனக்குத் தோன்றியது. ரோட்டோரம் நின்று அழக்கூடாது என்று வேகமாக நடந்து வந்துவிட்டேன்.

அம்மாவின் தங்கையான நீ நம் வீட்டோடு வந்து சேர்ந்தபோது, உன் வேலை இங்கே யாருக்கும் புரியவில்லை. அப்பா ஹோட்டலில் படுக்கை விரிப்புகள் துவைக்கும் இடத்தில் இருக்கிறார். துவைத்ததெல்லாம் சாயங்காலம் அடுக்கடுக்காகக் கண்ணுக்குத் தெரியும். நீயோ விடியற்காலையில் லேப்டாப்பைத் திறந்து உட்கார்வாய். ஆஸ்திரேலியாவில் ஹெலன் என்ற அம்மாள் நடத்தும் நாய்க்கடைக்கு வரும் மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதுவாய். எந்த நாய் எந்த நாளில் வர வேண்டும் என்று குறித்துக் கொடுப்பாய். மறந்துவிடும் ஆட்களுக்கு முதல் நாளே நினைவூட்டுவாய். நமக்குப் பொழுது விடியும்போது அங்கே கடை பரபரப்பாக இருக்கும்.

"மாபலிபுரத்துல குந்திகினு ஆஸ்திரேலியா நாய்க்கு டைம் குடுக்கறியாம்மா நீ?" என்றார் அப்பா. "இன்னிக்கு யாரு வர்றது?"

"பிக்கிள்ஸ், மாமா."

"அப்டின்னா?"

"ஊறுகா."

"ஊறுகாய்க்கு முடி வேற கீதாம்!" என்று அப்பா சிரித்த சிரிப்பில் அடுப்பங்கரையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள்.

உன் வேலைக்குத் தமிழில் என்ன பெயர் என்று நான் நூலகத்தில் தேடி, 'மெய்நிகர் உதவியாளர்' என்று எழுதிக்கொண்டு வந்து காட்டினேன். நீ அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, "நான் இன்னா பேயாடி?" என்றாய். ஆனாலும் அந்தத் தாளை மடித்து லேப்டாப் பைக்குள் வைத்துக்கொண்டாய்.

உனக்கு மணிக் கணக்கில்தான் சம்பளம். திரையின் ஓரத்தில் ஒரு சின்னக் கடிகாரம் இருந்தது. பச்சைப் பொத்தானை அமுக்கினால் ஓடும், மறுபடி அமுக்கினால் நிற்கும். வார முடிவில் அது காட்டுவதுதான் ஹெலனுக்குப் போகும் பில். பால்காரர் மணி அடித்தால் நிறுத்துவாய். தண்ணீர் குடிக்க எழுந்தால் நிறுத்துவாய். நான் ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டால், "ரவ இருடி" என்று சொல்லி முதலில் அதை நிறுத்திவிட்டுத்தான் என் பக்கம் திரும்புவாய். அந்த ஒரு நொடி எனக்கு மிகவும் பிடிக்கும். இனி வருவது எனக்கு மட்டுமான நேரம் என்று இருக்கும்.

"ஒரு வாய் தண்ணி குடிக்கறதுக்குமா நிறுத்துவாங்க? ஊர்ல ஒலகத்துல எவ பாக்கறா?" என்று அம்மா கேட்டாள்.

"நான் பாத்துகினுதானக்கா கீறேன்," என்றாய்.

விடுமுறை நாட்களில் வேலைக்கு நடுவே நாம் சவுக்குத் தோப்பைத் தாண்டிக் கடற்கரைக்குப் போவோம். கல் பட்டறைகளில் உளிச்சத்தம் தொடங்கியிருக்காது. படகுகள் திரும்பிக்கொண்டிருக்கும். கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் இருக்கும். எங்கே ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்று தெரியாது. அப்படி ஒரு காலையில் நீ திடீரென்று நின்று, "டியூக்க வியாழக்கெழமைக்கு மாத்திட்டா சரியாயிடும்," என்றாய். பிக்கிள்ஸும் டியூக் என்ற இன்னொரு நாயும் ஒருவரையொருவர் கண்டால் கடித்துக்கொள்வார்கள் என்பதும், இரண்டு பேருக்கும் ஒரே நாளில் நேரம் கேட்டிருந்தார்கள் என்பதும் எனக்கும் தெரியும்.

"இப்ப யோசிச்சதுக்கு நேரம் போடுவியா சித்தி?"

"கடல பாத்ததுக்கு வேணாம். நாய நெனச்சதுக்குப் போடலாம்."

"எப்டிப் பிரிப்ப?"

நீ யோசித்துப் பார்த்தாய். அலை வந்து உன் கொலுசை நனைத்துவிட்டுப் போனது. "அதான் தெரில," என்று சிரித்தாய். கடைசியில் எதையும் போடவில்லை. அன்றைக்கு முழுவதும் எனக்கு ஒரே பகற்கனவு. பெயர் தெரிந்த நாய்கள் எல்லாம் நம் கரையில் வரிசையாக, ஒன்றோடு ஒன்று சண்டையில்லாமல், குளித்த ஈரத்தோடு ஓடிக்கொண்டிருந்தன.

பிறகுதான் உனக்குச் சிறுநீரகம் கெட்டது. வாரத்தில் இரண்டு நாள் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்குப் போனாய். மற்ற நாட்களில் எப்போதும்போல அதே இடத்தில் உட்கார்ந்தாய். ஆனால் உன் பக்கத்தில் பாடம் படித்துக்கொண்டிருந்த எனக்கு வித்தியாசம் தெரிந்தது. ஒரே மின்னஞ்சலை மறுபடி மறுபடி வாசித்தாய். ஒரு வரி அடிப்பாய், அழிப்பாய், ஜன்னலைப் பார்ப்பாய். முன்பு நான் தலை பின்னி முடிப்பதற்குள் முடிந்த வேலை, நான் பள்ளிக்குக் கிளம்பும்போதும் முடிந்திருக்காது. கடிகாரம் மட்டும் தன் வேகத்தில் ஓடியது.

வார முடிவில் நீ அந்த நேரத்தையெல்லாம் பாதிக்குப் பாதி வெட்டுவதைப் பார்த்தேன்.

"ஏன் சித்தி கொறைக்கற? ஒக்காந்துதான இருந்த?"

"இந்த வேல இவ்ளோ நேரம் புடிக்காதுடி. என் ஒடம்புக்குத்தான் புடிக்குது. என் ஒடம்புக்கு அவங்க எதுக்குக் குடுக்கணும்?"

நீ சொன்னது நியாயம் போலவும் இருந்தது, எங்கேயோ இடிப்பது போலவும் இருந்தது.

ஹெலன் அம்மாளுக்கு உன் பில்லில் எந்த மாற்றமும் தெரியவில்லை. எப்போதும்போல வேகமாக முடிக்கிறாய் என்று நம்பி, தான் புதிதாகத் திறந்த இரண்டாவது கடையையும் உன்னிடமே கொடுத்தார். நீ சரி என்று எழுதிவிட்டாய். மருந்துக்கும் வண்டிச் செலவுக்கும் உதவும் என்றாய். அதைவிட, படுத்துக் கிடக்கிற ஆள் என்று யாரும் உன்னைச் சொல்லிவிடக்கூடாது என்பதுதான் பெரிதாக இருந்தது என்று நினைக்கிறேன். டயாலிசிஸ் கட்டிலுக்கும் லேப்டாப்போடு போனாய். ஒரு சனிக்கிழமை நான் கூட வந்தேன். ஒரு கை ஊசிக் குழாயோடு அசையாமல் கிடந்தது. மற்றொரு கை மெதுவாக எழுத்துகளைத் தேடியது. நர்ஸ் அக்கா வரும்போதெல்லாம் நீ பச்சைப் பொத்தானை அமுக்கிக் கடிகாரத்தை நிறுத்தினாய். எப்படியும் வெட்டப்போகிற நேரத்தை எதற்காக இவ்வளவு ஒழுங்காக அளக்கிறாய் என்று எனக்கு அழுகை வந்தது.

அங்கேதான் அந்த மின்னஞ்சல் வந்தது. பிக்கிள்ஸையும் டியூக்கையும் நீ ஒரே காலையில் வரச் சொல்லியிருக்கிறாய். டியூக் பிக்கிள்ஸின் காதைக் கடித்துவிட்டது. ஹெலன் கோபமாக எழுதவில்லை. இப்படி நீ செய்ததே இல்லையே, இரண்டு கடைக்கும் உனக்கு நேரம் போதவில்லையா என்று மட்டும் கேட்டிருந்தார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, "போதுதுன்னு எழுதிடறேன். இனிமே ஜாக்கிரதையா பாத்துக்கலாம்," என்றாய்.

"போதலதான சித்தி?"

"போதலன்னு சொன்னா வேற ஆள் பாத்துப்பாங்க. ரெண்டு கடையும் பூடும்."

"நீ கம்மியா எழுதனதால தான அவங்களுக்குத் தெரில? அதுவும் பொய்தான?"

நீ என் பக்கம் திரும்பினாய். "நான் இன்னா, ஜாஸ்தியா போட்டு ஏமாத்தினனா?"

"இல்ல. ஆனா அவங்க அத நம்பித்தான ரெண்டாவது கடைய உங்கிட்ட குடுத்தாங்க? பிக்கிள்ஸ் காது பாவம்ல?"

பிக்கிள்ஸ் காது என்றதும் உனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாய். திருக்கழுக்குன்றத்தின் மலை வந்து, சுற்றிக்கொண்டு, பின்னால் போய்விட்டது. இருபுறமும் வயலும் மனை போட்ட கற்களுமாக ஓடின. வீடு வரும்வரை, நோயாளியிடம் போய் இப்படிச் சொன்னோமே என்று பயந்துகொண்டே வந்தேன்.

மறுநாள் விடிந்தபோது நீ எழுதிக்கொண்டிருந்தாய். ஒரு பாராதான். 'கொஞ்ச காலமாக நான் காட்டிய நேரத்தைவிட அதிக நேரம் வேலை செய்திருக்கிறேன். எனக்கு உடம்பு சரியில்லை. முன்பு செய்த அதே வேலைக்கு இப்போது எனக்கு இரண்டு மடங்கு நேரம் ஆகிறது. இனியும் அப்படித்தான் ஆகும். இதைத் தெரிந்துகொண்டு நீங்கள் முடிவு செய்யுங்கள்.' ஆங்கிலத்தில் தப்பிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாய். தப்பில்லை. திரையின் ஓரத்தில் கடிகாரம் நின்றிருந்தது.

"இத எழுதனதுக்கு நேரம் போடலயா?"

"இது என் வேலடி," என்று சொல்லி அனுப்பிவிட்டாய்.

இரண்டு நாள் பதில் இல்லை. அம்மா தோசைக்கல்லைத் தடால் தடாலென்று வைத்தாள். "கேட்டாங்கன்னா சொல்றது வேற. தானா போயி எனக்கு முடியலன்னு எழுதுவாளா ஒருத்தி? வேல பூட்டா இன்னாடி பண்ணப் போற?" நீ தட்டில் இருந்த தோசையைப் பிய்த்துக்கொண்டே இருந்தாய், சாப்பிடவில்லை. அப்பாதான், "வுடு, ஊறுகா பாத்துக்கும்," என்றார். அதற்கும் யாரும் சிரிக்கவில்லை.

பதில் வந்தது. முன்னாலேயே தெரிந்திருந்தால் வேறு மாதிரி ஏற்பாடு செய்திருப்பேன் என்று ஹெலன் எழுதியிருந்தார். அதில் கொஞ்சம் வருத்தம் தெரிந்தது. இரண்டாவது கடையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். முதல் கடை உன்னிடமே இருக்கட்டும், கடிகாரம் எவ்வளவு ஓடுகிறதோ அவ்வளவையும் அப்படியே அனுப்பு, வெட்டாதே என்று சொல்லியிருந்தார். பிக்கிள்ஸின் காது ஆறிவிட்டதாம்.

"பாதி பூட்ச்சு," என்றாய். கொஞ்ச நேரம் கழித்து, "பாதி கீது," என்றாய். அடுத்த நாள் வெயில் உன் கால்மேல் ஏறும்வரை தூங்கினாய்.

அதன் பிறகு வந்த மாதங்களை என்னவென்று சொல்வது சித்தி? ஒன்றுமே நடக்காத மாதங்கள். நீ ஒரு நாயின் பெயரை வாசித்து, அது எப்படி இருக்கும் என்று யோசித்து, மெதுவாக ஒரு வரி எழுதுவாய். கடிகாரம் ஓடும். அதைப் பார்த்து நீ பயப்படவில்லை. நான் பக்கத்தில் கால் நீட்டிப் படித்துக்கொண்டிருப்பேன். உப்புக்காற்றில் ஜன்னல் திரை உப்பி உப்பி அடங்கும். வீடே ஏதோ தண்ணீருக்கு அடியில் இருப்பது போல அமைதியாக இருக்கும்.

கார்த்திகை மழையில் ஒரு காலை, எழுதிக்கொண்டிருந்தபோதே உனக்கு மூச்சு முட்டியது. அப்பாவும் அம்மாவும் உன்னை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டுக்குப் போனார்கள். போகும்போது நீ என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாய். மதியம் அம்மாவின் போன் வந்தது. அக்கம்பக்கத்தார் வந்துவிட்டார்கள். உன்னைக் கிடத்துவதற்காக நடு அறையைக் காலி செய்தார்கள். "பாப்பா, இந்தக் கம்ப்யூட்டர எடும்மா," என்றார் எதிர்வீட்டு அக்கா.

நான் தூக்கியதும் திரை ஒளிர்ந்தது. கடிகாரம் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அதன்மேல் ஒரு சின்னப் பெட்டி, ஆங்கிலத்தில். காலையிலிருந்து எந்த அசைவும் இல்லை. இன்னும் வேலையில் இருக்கிறீர்களா? இந்த நேரத்தைச் சேர்க்கவா, நீக்கவா?

லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு மழைச் சாரலில் வாசலில் நின்றேன். ஓடட்டும் என்று இருந்தது சித்தி. அது ஓடும்வரை நீ எங்கோ உட்கார்ந்து ஏதோ ஒரு நாய்க்கு நேரம் தேடிக்கொண்டிருப்பது போல இருந்தது. எதிர்வீட்டு அக்கா உள்ளேயிருந்து என்னைக் கூப்பிட்டார். நான் நீக்கு என்பதை அமுக்கினேன். நீ எழுந்து போன நிமிடத்துக்குக் கடிகாரம் திரும்பி வந்து நின்றது. அதற்கு முந்தைய மெதுவான நேரம் முழுவதையும் விட்டுவைத்தேன். சில நாள் கழித்து நான்தான் ஹெலனுக்கு எழுதி, அந்தக் கடைசி பில்லையும் அனுப்பினேன்.

இப்போது நான் பதினொன்றாம் வகுப்பு. எல்லோரும் படி படி என்கிறார்கள். நேற்று அந்த நாய்க்கடையைப் பார்த்துவிட்டு வந்து இயற்பியல் புத்தகத்தை விரித்து வைத்திருந்தேன். விளக்கேற்றிவிட்டு வந்த அம்மா, "இவ்ளோ நேரமா படிக்கறியே, எத்தினி பாடம் முடிச்ச?" என்று கேட்டாள். இரண்டு என்று சொல்லியிருக்கலாம். புத்தகம் திறந்துதான் இருந்தது.

"ஒரு பக்கங்கூட இல்லம்மா," என்றேன். "சித்திய நெனச்சிகினு இருந்தேன்."

அம்மா திட்டவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "நானுந்தான்டி," என்றாள். "காலைலேர்ந்து."