ஜோடிகளுக்கு மட்டும் அனுமதி

வாசல்வரை மட்டும் எனக்குக் கணவனாயிருந்தவனுக்கு,

நேற்று தி.நகரில் ஒரு கல்யாண வரவேற்பு. பெண்ணும் மாப்பிள்ளையும் மேடை ஏறும்போது புகை மெஷினைத் திறந்துவிட்டார்கள். அந்த வாசனை உனக்குத் தெரியும், சர்க்கரைப் பாகு லேசாகக் கருகியதுபோல. நின்றுகொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து நாற்காலி அம்மாள், "சுகர் இருக்காம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். செத்துப்போன சிநேகிதன் ஞாபகம் வந்துவிட்டது என்று கல்யாண வீட்டில் சொல்ல முடியுமா?

உன்னை முதலில் பார்த்தது அந்தப் பெரிய ஹோட்டலின் டிஸ்கோ வாசலில். ஜோடிகளுக்கு மட்டும்தான் அனுமதி. நானும் ப்ரியாவும் காதலர்கள்தான், ஆனால் இரண்டு பெண்கள் ஜோடியாக மாட்டார்கள் என்று காவலாள் நிறுத்திவிட்டான். எங்களுக்குப் பின்னால் நீயும் உன் செல்வமும். உங்களுக்கும் அதே கதி. நீ குனிந்து என் காதில் சொன்னாய்: "மேடம், அஞ்சு நிமிஷம் எனக்குப் பொண்டாட்டியா இருக்க முடியுமா?" நான் உன் கையைப் பிடித்துக்கொண்டேன், ப்ரியா செல்வத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். காவலாள் கதவைத் திறந்து சலாம் வைத்தான். உள்ளே போனதும் அவரவர் துணையோடு சேர்ந்துகொண்டோம்.

இந்த ஊரில் நம் ஆட்கள் பலரும் அப்படித்தான் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. நமக்கு முந்தியவர்களுக்கு அந்த வாசல்கூடக் கிடையாது. பூங்காவின் ஓரம், பெசன்ட் நகர்க் கடற்கரை, யாராவது வீட்டில் பெரியவர்கள் ஊருக்குப் போனால் மொட்டைமாடி. அவ்வளவுதான்.

நம் வித்தையும் ரொம்ப நாள் பலிக்கவில்லை. நீயும் செல்வமும் சேர்ந்து ஆடியதை யாரோ பார்த்துச் சொல்லிவிட, செல்வத்தைச் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். கூவம் கரைக் குடிசையிலிருந்து ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்குத் தூக்கியெறியப்பட்ட குடும்பத்துப் பிள்ளை அவன். எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு, "இன்னா இப்போ? நம்மள தள்றது புதுசா?" என்றான். நீதான் குமுறிக்கொண்டிருந்தாய்.

அதற்குப் பிறகுதான் கொட்டிவாக்கத்தில் உன் ஞாயிற்றுக்கிழமைகள். குழந்தைக்குப் பிறந்தநாள் என்று சொல்லிச் சின்ன ஹாலை வாடகைக்கு எடுப்பாய். ஜன்னல்களில் கறுப்புத் துணி, உன் லேப்டாப், இரண்டு ஸ்பீக்கர், வாடகைப் புகை மெஷின். வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில், உள்ளே ராத்திரி. வீட்டில் விளக்கேற்றும் நேரத்துக்குள் பெண்கள் திரும்ப வேண்டும், செல்வம் போன்றவர்களுக்குப் பஸ் பிடிக்க வேண்டும். ஆகையால் மத்தியானம்தான் நமக்கு நடுராத்திரி. வார்த்தையே இல்லாத அந்த மெஷின் சங்கீதம் எதற்கு, நம் சினிமாப் பாட்டு ஒன்று போடக்கூடாதா என்று சண்டை பிடித்தேன். "பாட்டுன்னா ஒரு அவனும் ஒரு அவளும் வந்து நிப்பாங்க. இங்கயாவது அவங்க வேணாம்" என்றாய். ப்ரியாவைப் பெங்களூரில் கட்டிக்கொடுத்துவிட்ட பிறகும் நான் வந்து மூலையில் ஆடிக்கொண்டிருந்தேன். அழுதாலும் வியர்வை என்று விட்டுவிடும் இடம் எனக்கு அது ஒன்றுதான்.

அதையும் விட்டுவைக்கவில்லை. பிறந்தநாள் வீட்டில் குழந்தையைக் காணோமே என்று அக்கம்பக்கத்தில் யாருக்கோ சந்தேகம். போலீஸ் வந்தது. யாரையும் அடிக்கவில்லை, வழக்கும் போடவில்லை. உள்ளே இருந்த பெண்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போன் போட்டார்கள். அடித்திருந்தாலே தேவலை. நம்மோடு ஆடிய ஒரு பெண் அடுத்த வாரம் தூக்கில் தொங்கினாள். அதோடு நீ லேப்டாப்பை மூடினாய். சாப்பாடு குறைந்தது, குடி ஏறியது. மஞ்சள் காமாலை என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது உன் கண்ணில் வெள்ளையே இல்லை. ரத்த சம்பந்தம் உள்ளவர்கள்தான் உள்ளே போகலாம் என்றார்கள். உன்னோடு அத்தனை வருஷம் உயிராக இருந்த செல்வம் ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து, இறங்கிவரும் நர்சுகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நீ போன அன்று மயிலாப்பூரில் உன் வீட்டுச் சந்துமுனையில் நானும் செல்வமும் நின்றோம். தனியாக ஒரு ஆண்பிள்ளை வந்து விழுந்து அழுதால் யார், என்ன என்று கேட்பார்கள். ஆகவே பழைய வித்தைதான். ஜோடியாக நுழைந்தோம். கூட வேலை செய்தவர்கள் என்று உன் மாமாவிடம் சொன்னேன். செல்வம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். அவன் அழுகையையும் சேர்த்து நான்தான் அழுதேன், வாய்விட்டு, வெட்கமில்லாமல்.

உன் அம்மா எழுந்து வந்து என் முகத்தைப் பிடித்தார். "ஏம்மா, நீதானா? உனக்காகத்தான் என் புள்ள கல்யாணமே வேணாம்னு நின்னானா?"

அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல யாரால் முடியும்? வாய்க்கரிசி போட என்னைக் கூப்பிட்டார்கள். நான் செல்வத்தைப் பார்த்தேன். உதடு மட்டும் அசைந்தது: "போக்கா. எனக்கும் சேத்துப் போட்டுட்டு வா." போட்டேன். அவனுக்குரியதை ஊரே பார்க்க என் கையில் கொடுத்தார்கள், நானும் வாங்கிக்கொண்டேன். அது என்னைத் தின்கிறது.

இப்போது அமாவாசைக்கு அமாவாசை உன் அம்மா என்னைக் கூப்பிடுகிறார். போகிறேன். மருமகளுக்குப் போடுவதுபோலத் தலைவாழை இலையில் பரிமாறுகிறார். குளத்தருகே பஸ் ஸ்டாப்பில் செல்வம் காத்திருப்பான். "அம்மா இன்னா சொல்லிச்சு? அவனப் பத்திப் பேசிச்சா?" ஒன்றுவிடாமல் கேட்பான்.

போன அமாவாசையன்று உன் அம்மா என் தலையைத் தடவிச் சொன்னார்: "இன்னும் எத்தன நாளும்மா இப்படி ஒண்டியா நிப்பே? அன்னிக்கு உன்கூட வந்தானே ஒரு பையன், நல்ல புள்ளையாத் தெரியறான். அவனக் கட்டிக்கோயேன். என் புள்ள தப்பா நெனச்சுக்க மாட்டான்."

செல்வத்திடம் சொன்னதும் சிரித்தான். நீ போன பிறகு அவன் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். "அக்கான்னு கூப்புட்டுக்கினு இருக்கேன், அத மொதல்ல மாத்தணும்" என்றான். பிறகு நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். கையை எடுக்காமலே கேட்டான்: "அப்டின்னா, நான் வூட்டுக்குள்ள வரலாமாக்கா?"

உன் அம்மாவிடம் உண்மையைச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. சொன்னால் அவர் மகனை இரண்டாம் முறை இழப்பாரோ, அல்லது அப்போதுதான் அடைவாரோ, தெரியவில்லை. அந்தப் பாரம் என்னோடேயே இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை செல்வத்தை எனக்குப் பார்த்த மாப்பிள்ளையாக உன் வீட்டுக்கு அழைத்துப்போகிறேன். புதுச் சட்டை எடுத்திருக்கிறான். கூடத்தில் மாலை போட்ட உன் படத்துக்கு எதிரில் உட்காரவைத்துக் காபி கொடுப்பார்கள். அங்கே அழக் கூடாது என்று அவனுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன்.