பெரியம்மா பாடாத இடம்

என் அன்பு ராங்கிக்கு,

இங்கே எல்லாம் நலம். அங்கே நீ நலம் என்பது ஞாயிற்றுக்கிழமை போனிலேயே தெரிந்துவிட்டது. குளிருக்குக் காதை மூடும் தொப்பி வாங்கியதாகச் சொன்னாயே, அழகாக இல்லை என்று அதைக் கழற்றி வைத்துவிடாதே. போனில் பேசிய மறுநாளே கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் பேசுகிற லட்சணம் உனக்குத் தெரியாததா? நீ முக்கியமானதைக் கேட்டால் நான் வானிலை சொல்வேன். பக்கத்துக் கட்டிலில் உன்னோடு வேலை பார்க்கும் நர்ஸ் தூங்குகிறாள் என்று நீ குசுகுசுவென்று பேசுவாய். எனக்குப் பாதி கேட்காது. கேட்ட மாதிரி ம்ம் கொட்டுவேன். கல்யாணமான நாளிலிருந்து பழகிய ம்ம் அது.

நீ கேட்டது முக்கியமான விஷயம்தான். அடுத்த மாதக் கடைசியோடு ஒப்பந்தம் முடிகிறது, இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் கேட்கிறார்கள், கையெழுத்துப் போடட்டுமா வேண்டாமா என்று கேட்டாய். நான், உன் இஷ்டம் என்றேன்.  நீ, சரி வெச்சிடட்டுமா என்று கேட்டு வைத்துவிட்டாய். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் வீட்டுச் சேதி.

குளியலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. நானேதான் சரிசெய்தேன். உன் அக்கா வந்து பார்த்துவிட்டு, ஊர்ல இருக்கிற லிஃப்டையெல்லாம் ஏத்தி இறக்குறவருக்கு ஒரு வாஷர் மாத்த ஒரு வருஷமா தம்பி என்று கேட்டாள். அதோடு விட்டாளா? குளிர்பதனப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். முட்டையைத் தவிர உள்ளே ஒன்றும் இல்லை. இப்படியே தின்னுட்டிருந்தா ஒருநாள் நீங்களே கொக்கரிக்கப் போறீங்க என்றாள். போகும்போது வாசலில் நின்று, அவளை வரச் சொல்லுங்களேன் என்றாள். இந்த ஒன்றைச் சொல்லும்போது மட்டும் அவள் சிரிக்கவில்லை. நான் அவளிடமும் உன் இஷ்டம் என்பதைத்தான் சொன்னேன். நல்லா இருக்கு உங்க இஷ்டம் என்று முனகிக்கொண்டே படியிறங்கினாள்.

வேலை எப்போதும் போலத்தான். நாளெல்லாம் மேலே போய்க் கீழே வருகிறேன், சம்பளம் மட்டும் அதே மாடியில் நிற்கிறது. புதிதாக ஒரு அலுவலகக் கட்டடம் என் பொறுப்பில் வந்திருக்கிறது. அங்கே லிஃப்டுக்குள் பாட்டுப் போடுகிறார்கள். குரல் கிடையாது, வெறும் சாக்ஸபோன். போன மாதம் கதவைச் சோதிக்க உள்ளே நின்றுகொண்டிருந்தேன். நம் இசைத்தட்டுப் பெரியம்மாவின் விளக்குப் பாட்டு வந்தது. நம் தட்டில் கீறல் விழுந்த அந்த இடம் வந்ததும் நான் என்னையறியாமல் லலலா லல்லா என்று உன் மெட்டைப் பாடிவிட்டேன். டை கட்டிய நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் கதவு ரப்பரைத் தட்டிப் பார்க்கிற மாதிரி நடித்தேன். மெக்கானிக்குக்கு மரை கழன்றுவிட்டது என்று புகார் வந்தால் அதற்கு நீதான் பொறுப்பு.

அங்கேதான் எனக்கு அந்த யோசனை வந்தது. யோசனை என்றாலே நீ பயப்படுவாய். பயந்தது சரிதான்.

நமக்குக் கிடைக்கும்போதே கீறலோடு கிடைத்த இசைத்தட்டு அது. அட்டையில் நீளக் கவுனும் முழங்கை வரை கையுறையுமாக நிற்கிற பாடகியைப் பார்த்து, அச்சு அசல் எங்க பெரியம்மா, கையுறைதான் அதிகம் என்று நீ சொன்னாய். அன்றிலிருந்து ஊரறிந்த ஜாஸ் பாடகி நம் வீட்டில் வெறும் பெரியம்மா ஆனாள். அந்தக் காலத்தில் மேடையேறிய எல்லோரும் பாடிப் பாடி நைந்துபோன பாட்டுகள்தான் அத்தனையும். ஆனால் அவள் பாடும்போது அன்று காலையில்தான் யாரோ எழுதிக் கையில் கொடுத்த மாதிரி இருக்கும். தாளம் முன்னே போய் வாசலில் நின்று கூப்பிடும். பெரியம்மா உள்ளே நிதானமாகச் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பாள். இனி வரமாட்டாள் என்று நினைக்கும்போது வந்து சரியாகச் சேர்ந்துகொள்வாள். நீ சினிமாவுக்குக் கிளம்புவதும் அப்படித்தான்.

விளக்குப் பாட்டில் அவள், எனக்கென்ன, நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று பாடி முடிப்பாள். உடனே ஊசி கீறலில் ஏறி, மண்ணை அள்ளிக் கொட்டின மாதிரி கரகரவென்று ஒரு சத்தம். அது ஓய்ந்ததும், ஜன்னலில் விளக்கை அணைக்காமல் வைத்திருக்கிறேன் என்று அடுத்த வரி வரும். அந்தக் கரகரப்புக்கு நடுவில் அவள் என்ன பாடினாள் என்று நமக்குத் தெரியாது. நீ எங்கே இருந்தாலும், துணி மடித்தாலும், வாயில் பல்துலக்கியே இருந்தாலும், அந்த இடத்துக்கு உன் சொந்தச் சரக்கைப் போட்டுப் பாடி நிரப்பிவிடுவாய். சுருதி சேராது. ஆனால் அதன் பிறகு எனக்குக் கரகரப்பு கேட்டதே இல்லை.

நீ வருவாய் என்ற நினைப்பில், கீறலில்லாத தட்டு ஒன்று வாங்கிவைத்து அசத்தலாம் என்று நினைத்தேன். சந்தைத் தெரு மூலையில் பழைய தட்டுக் கடை இருக்கிறதே, வாயில் எப்போதும் பல்குச்சியோடு நிற்பானே, நீகூட ஊசி என்று பேர் வைத்தாயே, அவனிடம் போனேன். அதே தட்டு, பிரிக்காத மாதிரி பளபளவென்று இருந்தது. பழையதைக் கொடுத்தால் விலையில் கொஞ்சம் குறைப்பதாகச் சொன்னான். கொடுத்துவிட்டேன். புத்தி எங்கே போனது என்று கேட்காதே. போனதால்தான் இந்தக் கடிதம்.

வீட்டுக்கு வந்து முகம் கழுவி, டீ போட்டு, உன் நாற்காலியைக்கூடத் துடைத்துப் போட்டு, புதுத் தட்டை ஓடவிட்டு உட்கார்ந்தேன். எனக்கென்ன, நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்றாள் பெரியம்மா. இத்தனை வருஷம் நமக்குக் கிடைக்காத வரி இப்போது கேட்கப் போகிறது என்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தேன்.

அங்கே ஒன்றுமே இல்லை, ராங்கி. அவள் பாடவில்லை. பியானோக்காரரும் கையை எடுத்துவிட்டார். அவள் மூச்சு இழுப்பது மட்டும் கேட்கிறது. பிறகு ஜன்னல், விளக்கு என்று அடுத்த வரி வந்துவிடுகிறது. தட்டில்தான் கோளாறு என்று மறுபடி போட்டேன். மறுபடியும் அப்படியே. மூன்றாவது தடவை அந்த இடம் வந்தபோது நான் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். குளிர்பதனப் பெட்டியின் சத்தம் கேட்டது. நீ போனதிலிருந்து இந்த வீட்டில் நான் அழுததில்லை. அன்று அழுதேன். டீயும் ஆறிப்போனது.

மறுநாள் வேலை முடிந்த கையோடு கடைக்கு ஓடினேன். தட்டில் பாட்டு குறைகிறது என்று ஊசியிடம் சண்டைக்கே போனேன். அவன் சிரித்துவிட்டு, உட்காருங்க சார் என்று அதே பாட்டை வேறு ஆட்கள் பாடிய தட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டான். ஒருவர் அந்த இடத்தில் குரலை மேலே ஏற்றி இறக்கிச் சறுக்குமரம் விளையாடினார். இன்னொருவருக்குப் பின்னால் ஒரு பட்டாளமே வயலின் வாசித்தது. கடைசியில் பெரியம்மாவே சின்ன வயதில் பாடிய தட்டைப் போட்டான். அதில் அவளும் நிரப்பித்தான் பாடியிருக்கிறாள், துள்ளிக்கொண்டு, ரொம்ப அழகாக. நம்மிடம் இருப்பது அவள் வயதான பிறகு பாடியதாம். நடுவில என்ன ஆச்சோ, அந்த இடத்தை அப்படியே விட்டுட்டாங்க என்றான் ஊசி. எனக்குத் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்ட பிறகு ஒருத்தி வேறென்ன பாடுவாள்?

இப்போதெல்லாம் அந்தத் தட்டை நாளைக்கொரு தரம் கேட்கிறேன். இத்தனை வருஷம் அவள் குரலுக்காகக் கேட்டோம். இப்போது அவள் எங்கெங்கே நிறுத்துகிறாள் என்று கேட்கிறேன். கேட்கக் கேட்க அவள் இன்னும் பெரிய ஆளாகிக்கொண்டே போகிறாள். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தனியாக இருக்கிறவன் கேட்கக்கூடிய தட்டு இல்லை அது.

அதனால் அன்றே, பழையதைத் திருப்பிக் கொடு என்று கேட்டேன். ஊசி பல்குச்சியை வாயிலிருந்து எடுத்தே விட்டான். கீறல் தட்டுகளை அவன் சுவர்க் கடிகாரமாக்கி விற்கிறான். நம் தட்டு பின்கட்டில் ஒரு பெஞ்சில் கிடந்தது. முதல் பக்கத்து விளிம்பில் வெள்ளைப் பெயிண்டில் பன்னிரண்டு, மூன்று, ஆறு, ஒன்பது என்று எழுதியாகிவிட்டது. நடுவில் துளையைப் பெரிதாக்க வேண்டியதுதான் பாக்கி. துளைபோடும் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, நல்லதை வெச்சிக்கிட்டு நாசமானதை யாராவது கேப்பாங்களா சார் என்றான். என் வீட்டில் கேட்பார்கள் என்றேன். முதல் பக்கத்து முதல் பாட்டு போனது போனதுதான். விளக்குப் பாட்டு இருக்கிற இரண்டாம் பக்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டில் போட்டுப் பார்த்தேன். கரகரப்பு அப்படியே இருக்கிறது.

நானும் அதன்மேல் பாடிப் பார்த்தேன். மேல்வீட்டு டீச்சர் இறங்கி வந்து, உடம்பு சரியில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். அந்த ஆஸ்பத்திரியில் உன்னை எல்லோரும் தேடுகிறார்கள் என்று தெரியும். கட்டிலைவிட்டு எழுந்திருக்காத பெரியவர் உன் கையைப் பிடித்து நடந்தார் என்று நீ சொன்னபோது உன் குரல் எப்படி இருந்தது என்றும் தெரியும். நான் ம்ம் கொட்டினாலும் அது காதில் விழுந்தது. இத்தனை வருஷம் எனக்குச் சோறாக்கிப் போட்டுவிட்டு, விட்ட வேலையை இப்போதுதான் மறுபடி பிடித்திருக்கிறாய். அதை விட்டுவிட்டு வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் உன் இஷ்டம் என்றேன். ஆனால் நீ உன் இஷ்டத்தைக் கேட்கவில்லை, என் இஷ்டத்தைத்தான் கேட்டாய். அது எனக்குப் போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

கேட்டுக்கொள். நீ வரவேண்டும். நான் நன்றாக இல்லை. இரண்டையும் தெரிந்துகொண்டு அதன் பிறகு நீ கையெழுத்துப் போட்டால், போடு. நான் கோபித்துக்கொள்ள மாட்டேன், உன் அக்காவையும் சமாளித்துக்கொள்வேன். ஆனால் தெரியாமல் போட்டுவிடாதே.

வேளாவேளைக்குச் சாப்பிடு. தொப்பியைக் கழற்றாதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ இருக்கவேண்டும். வருகிற ஞாயிறு போனில் நான் வானிலை பேச ஆரம்பித்தால், நடுவில் புகுந்து, கரகரப்பின்மேல் நீ பாடி நிரப்புகிற அந்த ஒரு வரியை மட்டும் பாடு. பக்கத்துக் கட்டில்காரி விழித்தால் விழிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் இஷ்டம் என்று பொய் சொன்னவன்