இரண்டாவது தோட்டா

ஒக்டோபர் 18, சனி. ஹோர்சன்ஸ், டென்மார்க்.

வேட்டைக்கு வாங்கிய புதுத் துவக்கு இன்றும் என் மானத்தை வாங்கிவிட்டது. முதல் தோட்டா வெடிக்கிறது. இரண்டாவது மேலே ஏறாமல் அடியிலுள்ள தோட்டாக் குழாய்க்குள்ளேயே நின்றுவிடுகிறது. வேலையிடத்து நண்பன் லார்ஸ் வேறு தோட்டா போட்டான், எண்ணெய் விட்டான், கடைசியில் கையை விரித்தான். காட்டுக்கோழிகள் எங்கள் தலைக்கு மேலாலேயே பறந்து போயின.

வீட்டுக்கு வந்து குழாயைக் கழற்றினேன். தோட்டாவைத் தள்ளும் ஸ்பிரிங்கின் நுனியில் மஞ்சளாக ஏதோ காய்ந்து இறுகியிருந்தது. மணந்து பார்த்தேன். சந்தனம்.

ஆயுத பூசையன்று மனைவி பூசியது. தன் தம்பி ஊரில் சூடுபட்டுச் செத்த பிறகு துவக்கு என்ற சொல்லையே வாயில் எடுக்காதவள், அன்று தானாகவே வந்து தோட்டா போடும் வாயெல்லாம் சந்தனம் அப்பினாள். மனம் மாறிவிட்டாள் என்று நினைத்தேன்.

ஊசியால் சுரண்டிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள்.

"இண்டைக்கு ஏதும் சுட்டனீங்களோ?"

"இல்லையப்பா. இது வேலை செய்யுதில்லை."

"அப்ப அம்மாளாச்சி நான் கேட்டதைத் தந்திட்டா" என்றாள்.

சாமியறையில் அம்மனுக்கு விளக்கேற்றப் போய்விட்டாள். பாதி சுரண்டியபடி துவக்கு மேசையில் கிடக்கிறது. மிச்சத்தைச் சுரண்டக் கை வரவில்லை.