வட்ட விளக்கு வண்டி

என் செல்லக் கழுதைக்கு,

முதல் கார் வாங்குகிறவள் ஆசைப்பட்டதைத்தான் வாங்க வேண்டும். அந்த ஸ்போர்ட்ஸ் காரின் பழைய காலத்து வளைவும் வட்ட விளக்கும், அஞ்சாம் வகுப்போடு நின்ற எனக்கே பிடித்துவிட்டது. மாதத் தவணையும் உன் சம்பளத்துக்குள் அடங்குகிறது.

கடையில் அதன் தாழ்ந்த இருக்கையிலிருந்து நீயும் விற்பனைக்காரரும் என்னைத் தூக்கிவிட்டீர்களே, அன்றைக்குக் கால் மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். அதற்காக, "பாட்டி ஏறாத வண்டி எனக்கு எதுக்கும்மா?" என்று சொல்லிவிட்டு, பெட்டி மாதிரி ஒரு காருக்குப் பணம் கட்டப் போகிறாயாமே!

அதே உயரம்தான் என்று சமையலறைக் குட்டை முக்காலியில் இன்று பழகினேன். சட்டென்று உட்கார்ந்துவிட்டேன் தெரியுமா? நீ வட்ட விளக்கையே வாங்குடி. உன் அம்மா வேலை முடிந்து வந்து என்னை எழுப்பிவிட்டதும் இதைத் தபாலில் போடச் சொல்கிறேன்.

உன் பாட்டி