நாலு விரற்கடை

மச்சான், உன் படகின் பின்பலகையை நேற்று விரலால் தடவிப் பார்த்தேன். போல்ட் துளைகள் ஒரே வரிசைதான். மோட்டாரை நீ ஒருநாளும் ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. முதல் நாளே சரியான உயரத்தில் மாட்டியிருக்கிறாய். உன்னுடையதை மட்டும்.

பழவேற்காட்டில் ஒரே நாளில்தான் ஒரே மாதிரி மோட்டார் வாங்கினோம். இரண்டையும் நீதான் மாட்டினாய். புரொப்பெல்லரையும் நீதான் பார்த்து எடுத்தாய். "இன்னா மச்சான், என்னுது ரொம்ப கீழ போவுதே?" என்று கேட்டேன். "அலை தூக்குச்சுன்னா காத்துல சுத்தும்பா. கீழ இருந்தாதான் உனுக்கு நல்லது" என்றாய். என் தங்கையைக் கட்டியவன் எனக்குக் கெடுதல் நினைப்பானா என்று நம்பினேன்.

முதலில் வலை விட்டவனுக்குத்தான் மீன்கூட்டம் என்பது நம் ஊர் வழக்கம். காணாங்கெளுத்தி துள்ளுவதைக் கண்டதும் சேர்ந்தே கிளம்புவோம். என் மோட்டார் முக்கும். நான் போய்ச் சேர்வதற்குள் நீ வலையை வளைத்து முடித்திருப்பாய். கரையில் எல்லார் முன்னாலும் என் தோளில் கை போட்டு, "மச்சானுக்குக் கைவாட்டம் பத்தாது. கடலு எல்லாருக்கும் ஒத்து வராது" என்பாய். அதையும் நம்பினேன் பார். படகைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலைக்குப் போனேன். பதினோரு வருஷம் உலைக்கு முன்னால் நின்றேன்.

நீ செத்துப் போன பிறகு கடலுக்கே திரும்பலாம் என்று வந்தேன். மெக்கானிக் மோட்டாரைப் பழைய துளைகளிலேயே மாட்டி, எவ்வளவு கீழே இறங்குகிறது என்று என் படகின் அடியோடு ஒரு சட்டத்தை ஒட்டி வைத்துப் பார்த்தார். "யாருங்க மாட்டுனது? நாலு விரக்கடை கீழ கீது, தண்ணியே புடிச்சு நிறுத்தும். புரொப்பெல்லரும் இந்தப் படகுக்கு ஆவாது, வலைய ஏத்துனா இழுக்காது. தெரிஞ்சவன் எவனும் இப்டி மாட்ட மாட்டான்."

நீ தெரியாதவனா? அதற்கப்புறம்தான் உன் படகைப் போய்ப் பார்த்தேன்.

கேட்டிருந்தால் மீன்கூட்டத்தை விட்டுக் கொடுத்திருப்பேனே, பாவி. கடலையே என்னிடமிருந்து பிடுங்கியிருக்க வேண்டாம்.

தங்கையிடம் எதுவும் சொல்லவில்லை. உன் படத்துக்குத் தினமும் பூ வைக்கிறவளிடம் என்ன சொல்ல? உன் புரொப்பெல்லரை மட்டும் கேட்டேன். "எடுத்துக்கண்ணே. அவரு இருந்தா அவரே மாட்டி உட்டிருப்பாரு" என்றாள். தலையாட்டிவிட்டு எடுத்து வந்தேன்.

மெக்கானிக் அதை என் மோட்டாரில் போட்டு, நாலு விரற்கடை மேலே ஏற்றிக் கொடுத்தார். இன்று காலை தூரத்தில் மீன் துள்ளியது. படகு பறந்தது. பக்கத்தில் வேறு படகே இல்லை. கூட்டத்தை நெருங்கும்போது என் கை தானாகவே வேகத்தைக் குறைத்தது, நீ முதலில் போகட்டும் என்று.